மூன்றாவது இறால்

செப்டம்பர் 28, ஞாயிறு

தொட்டி வந்துவிட்டது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய நூற்றுத் தொண்ணூறு லிட்டர் பிடிக்கும். சின்ன ரூமில் வைத்தேன். வெயில் படாத சுவர் இந்த வீட்டில் அங்கேதான் இருக்கிறது. ஜூலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த அறை. அதன் பிறகு சும்மாதான் கிடக்கிறது. காலி அறையைச் சாத்தி வைத்திருப்பதில் அர்த்தமில்லை என்று வினோதினியிடம் சொன்னேன். "வெச்சுக்கோங்க" என்றாள். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

இந்த டைரி கம்பெனி கொடுத்தது. வருடம் முடியப் போகிறது, ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இனி தொட்டி பற்றிய குறிப்பு இதில். இது என் ஆபீஸ் பையில் இருக்கும். தினசரி அளவுகளுக்குத் தனியாக ஒரு தாள், தொட்டி ஸ்டாண்டின் கதவில்.

திட்டம்: பவளப்பாறைத் தொட்டி. உப்புத் தண்ணீர், பாறை, நத்தை, இரண்டு கோமாளி மீன், இறால், கடைசியில் பவளம். ஆறு வாரம் ஆகும் என்கிறார்கள். மூன்றில் முடிப்பேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பிளான்ட்டில் எல்லாப் பம்புக்கும் சந்தனம், குங்குமம். வீட்டுக்கு வந்தால் தொட்டிக் கண்ணாடியிலும் மூன்று பொட்டு. வினோதினி பைக்குக்கு வைத்த கையோடு இதற்கும் வைத்துவிட்டாளாம். பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

"பொட்டு வெச்சதுக்கு இவ்ளோ கோவமா?"

கோபமில்லை. தண்ணீருக்குள் ஒன்று போனால் என்ன போனது என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதையே சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். ஸ்டாண்டுக்குள் இருக்கும் எக்ஸ்டென்ஷன் போர்டில் பம்பு, விளக்கு, காற்றுப் பம்பு மூன்றும் ஓடுகின்றன. அந்த அறையில் இருக்கும் ஒரே பிளக் பாயின்ட் அது. வேறு எதையும் அதில் சொருகக் கூடாது.

தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

உப்பு கரைத்தேன். அடர்த்தி 1.025. வெப்பம் 27. கண்ணாடி போலத் தண்ணீர்.

எனக்கு வேலை கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில். கருவிகள் பிரிவு. நாள் முழுக்க உப்பை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து உப்பைப் போடுகிறேன். இதை வினோவிடம் சொன்னபோது சிரித்தாள். ஆகஸ்டுக்குப் பிறகு முதல் முறை என்று நினைக்கிறேன். உறுதியில்லை, எண்ணி வைக்கவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

கொளத்தூர் போய்ப் பாறை வாங்கி வந்தேன். கடைக்காரர் பெயர் தாமோதரன். கடல் மீன் மட்டும் விற்கிறார். வாய் அதிகம்.

"கல்லுப் பவளம்னு வாயே தொறக்காத சார். நம்ம கடல்ல எட்த்தது வெச்சிருந்தா உள்ள போயிடுவோம், நீயும் நானும். காளான் மாதிரி ஒண்ணு இருக்கு, தொட்டில வளத்தது, அத்த பாத்துக்கலாம். மொதல்ல தண்ணி பழுக்கட்டும்."

தண்ணீர் பழுப்பது என்று இவர் சொல்வது இதுதான்: பாறையில் பாக்டீரியா குடியேற வேண்டும். அது அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும். அதுவரை எந்த உயிரைப் போட்டாலும் சாகும். பாக்டீரியா பாட்டில் இரண்டு வாங்கி ஊற்றினால் சீக்கிரம் நடக்காதா என்று கேட்டேன்.

"ஊத்து. நாலு பாட்டில்கூட ஊத்து. அது அதும் டயத்துக்குத்தான் வரும்."

இரண்டு ஊற்றினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. வீட்டில் பலகாரம் எதுவும் செய்யவில்லை. வினோவின் அம்மா ஆற்காட்டிலிருந்து போன் செய்தார்.

"மாப்ள, அவளக் கொஞ்சம் வெளிய கிளிய கூட்டிட்டுப் போங்க."

எங்கே என்று கேட்டேன். "எங்கயாவதுப்பா" என்றார். இப்படிச் சொன்னால் எப்படித் திட்டமிடுவது? மாமல்லபுரம் போகலாமா என்று வினோவிடம் கேட்டேன். வேண்டாம் என்றாள். அடுத்த தெருவில் வெடிப் புகை. சின்ன ரூம் ஜன்னலைச் சாத்தினேன்.

அம்மோனியா 1. நைட்ரைட் 2.

அக்டோபர் 27, திங்கள்

அம்மோனியா 0.25. நைட்ரைட் 2. அப்படியே நிற்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

ஐந்து வாரம் ஆகிவிட்டது. நைட்ரைட் 0.5. மீனைப் போட்டுவிடலாம் என்று கொளத்தூர் போனேன். தாமோதரன் தர மறுத்துவிட்டார்.

"தண்ணி ரீடிங் என்னா?"

சொன்னேன்.

"அப்ப எதுக்கு சார் வந்த? மீனு என்னா, உன்கூட பந்தயம் வெச்சிருக்கா?"

விற்பவர் விற்க மாட்டேன் என்கிறார். இது என்ன வியாபாரம் என்று புரியவில்லை. வரும் வழியெல்லாம் மழை.

வீட்டுக்கு வந்தபோது வினோ சின்ன ரூமிலிருந்து வெளியே வந்தாள். உள்ளே என்ன செய்தாய் என்று கேட்டேன். "சும்மா" என்றாள். உள்ளே வெறும் தண்ணீரும் கல்லும்தான்.

நவம்பர் 3, திங்கள்

வினோவின் பள்ளியிலிருந்து கடிதம். டிசம்பருக்குள் வேலைக்குத் திரும்புவாளா, வேறு அறிவியல் டீச்சர் பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். என்ன பதில் போடப் போகிறாய் என்று கேட்டேன். கடிதத்தை மடித்து டிவிக்கு அடியில் வைத்தாள். சம்பளமில்லா விடுப்பு மூன்று மாதம் ஆகப் போகிறது. எழுந்து வெளியே போனால் சரியாகிவிடும் என்பது என் கருத்து. இரண்டு முறை சொல்லியும் பார்த்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

அம்மோனியா 0. நைட்ரைட் 0. ஆறு வாரம்.

கோமாளி மீன் இரண்டு, நத்தை ஆறு. மீன் இரண்டும் மண்டபம் பக்கம் குஞ்சு பொரித்து வளர்த்தவை, கடலில் பிடித்ததில்லை. பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டேன். பெரியது நேராகப் போய்ப் பம்பு மூலையில் நின்றுகொண்டது. சின்னது அதன் பின்னாலேயே.

வினோ வாசற்படியில் நின்று பார்த்தாள். "ரெண்டுல எது பொண்ணு?" என்றாள். பெரியதுதான், சின்னது ஆண் என்று சொன்னேன். "நல்ல ஊரு" என்றாள்.

நவம்பர் 16, ஞாயிறு

இறால் வந்தது. சிவப்பு உடம்பு, முதுகில் வெள்ளைக் கோடு, நீள நீளமாக வெள்ளை மீசை. மீன் மேல் ஏறி அழுக்கைத் தின்னும் வகை. இது நிலைத்துவிட்டால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அடுத்தது பவளம்.

நவம்பர் 18, செவ்வாய்

இறால் செத்துவிட்டது. காலையில் நன்றாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு வந்து பார்த்தபோது மல்லாந்து கிடந்தது. அளவுகள் எல்லாம் சரி. புரியவில்லை.

நவம்பர் 19, புதன்

ஒருவேளை வழியிலேயே அடிபட்டிருக்கலாம். இன்னொன்று வாங்கி வந்தேன்.

நவம்பர் 21, வெள்ளி

இரண்டாவதும் செத்தது. முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து காலை உதறியது. பிறகு அரை மணி நேரத்தில் முடிந்தது. அடர்த்தி 1.025. வெப்பம் 27. அம்மோனியா 0, நைட்ரைட் 0, காரத்தன்மை சரி. மூன்று முறை அளந்தேன். மீன்கள் கொஞ்சம் வேகமாக மூச்சு வாங்குகின்றன. நத்தைகளுக்கு ஒன்றுமே இல்லை, கண்ணாடியை மேய்ந்துகொண்டிருக்கின்றன.

ஒரே தண்ணீர். ஒன்று சாகிறது, ஒன்று மூச்சு வாங்குகிறது, ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எப்படி?

நவம்பர் 22, சனி

ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை அடைத்து பிளான்ட் லேபுக்குக் கொண்டுபோனேன். செம்பு கலந்திருந்தால் இறால் சாகும் என்று படித்தேன். லேபில் சேவியர் அண்ணன் பாட்டிலை மேலும் கீழும் பார்த்தார்.

"எலேய் திலீபா, ஜன்னலத் தொறந்தா முழுக் கடல் கெடக்கு. நீ எதுக்குல வீட்லேருந்து கடல் கொண்டாற?"

ஆனாலும் சோதித்துக் கொடுத்தார். செம்பு இல்லை. துளிகூட இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

தாமோதரனிடம் எல்லா அளவையும் காட்டினேன். தாளைப் பார்க்கவே இல்லை.

"வூட்ல பூச்சி மருந்து ஏதாச்சும் அட்ச்சியா? இறாலும் பூச்சியும் ஒரே சாதி சார். பூச்சிக்கு வெச்சது மொதல்ல இறாலத்தான் தூக்கும்."

இல்லை என்றேன். எறும்பு சாக்பீஸ்கூட எங்கள் வீட்டில் கிடையாது. மூன்றாவது இறாலைக் கொடுக்கும்போது, "இதும் போச்சுன்னா இங்க வராத, தொட்டில செடி நட்டுக்கோ" என்றார்.

நவம்பர் 24, திங்கள்

வினோவை உட்காரவைத்துக் கேட்டேன். நான் வீட்டில் இல்லாத நேரம் ஒன்பது மணி நேரம். அதில் வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதான். கேட்காமல் எப்படித் தெரியும்?

"போன வாரம் பூரா என்னென்ன பண்ணே, வரிசையா சொல்லு. தரை எதால தொடச்சே? ஸ்ப்ரே ஏதாவது அடிச்சியா? கையில எதாவது தடவிட்டு தண்ணியில வெச்சியா?"

"ஒண்ணும் பண்ணல."

"யோசிச்சு சொல்லு. ஒண்ணுமே பண்ணாம ஒண்ணு சாகாது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னிக்கும் இப்படித்தான் கேட்டீங்க" என்றாள்.

என்றைக்கு என்று கேட்டேன். சமையலறைக்குப் போய்விட்டாள். நான் கேட்டது இறாலைப் பற்றி.

நவம்பர் 25, செவ்வாய்

இறால் நன்றாக இருக்கிறது. பெரிய மீனின் செவுள் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வினோ அந்த அறைப் பக்கமே இன்று போகவில்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் 26, புதன்

இறால் நன்றாக இருக்கிறது. காரணம் தெரியவில்லை. தெரியாமல் நன்றாக இருப்பதும் பிடிக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பிளான்ட்டில் பராமரிப்புக்காக நிறுத்தம். பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டேன். சாவி போட்டுத் திறந்து உள்ளே வந்தேன். மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

சின்ன ரூம் கதவு பாதி திறந்திருந்தது. வினோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், முகம் கண்ணாடிக்கு ஒரு சாண் தூரத்தில். பக்கத்தில் சாப்பிட்ட தட்டு, தண்ணீர்ச் சொம்பு, தலையணை. நாளெல்லாம் அங்கேயே இருக்கிறவர்கள் உட்காரும் விதம் அது. இறாலிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாடா. பெரியவ ஒண்ணும் பண்ண மாட்டா. ஏறிக்கோ. ஏறிட்டியா? சமர்த்து."

ஸ்டாண்டின் கதவு திறந்திருந்தது. உள்ளே எக்ஸ்டென்ஷன் போர்டில், காற்றுப் பம்புக்கு ஒட்டினாற்போல், கொசு மிஷின். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. படுக்கையறையில் இருக்கிற அதே மிஷின். இதைப் பூச்சி மருந்து என்று நான் எண்ணியதே இல்லை. இந்த மழைக்குக் கேளம்பாக்கத்தில் பகலிலும் கொசு. மூன்று மாதமாக அவள் டெங்கு, டெங்கு என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காற்றுப் பம்பு அந்த மருந்துக் காற்றை உறிஞ்சி நேராகத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தது. அரை நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. மீன், நத்தை, இறால் எல்லாவற்றுக்கும் கணக்கு சரியாக வந்தது.

வாயைத் திறந்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லத்தான்.

சொல்லவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். கீழே டீக்கடையில் ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். எதற்கு இப்படிச் செய்தேன் என்று இப்போதும் விளங்கவில்லை. ஆறு மணிக்கு மேலே போனபோது கொசு மிஷின் படுக்கையறையில் இருந்தது. இறால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நவம்பர் 28, வெள்ளி

மூன்றாவதும் போய்விட்டது. நான் எடுத்துப் போடுவதற்குள் வினோவே ஒரு கரண்டியால் எடுத்து, டிஷ்யூவில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னாச்சுன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"பாக்கறேன்" என்றேன்.

நவம்பர் 29, சனி

ஆகஸ்ட் 9. இதை எழுத இந்த டைரியை எடுக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பதினோராவது வாரம். ஸ்கேன் முடிந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டீல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா வெளியே வந்து, பத்தில் ஒன்று, இரண்டு கர்ப்பம் இப்படித்தான் ஆகும், காரணம் தேடாதீர்கள் என்றார். காரணமில்லாமல் எதுவும் நின்றுபோகாது என்று எனக்குத் தோன்றியது. பிளான்ட்டில் ஒரு பம்பு நின்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் கேட்க வேண்டும், நேரமானால் ஆட்கள் மறந்துவிடுவார்கள். எனவே கேட்டேன். குடம் தூக்கினாயா, ஸ்கூட்டரில் போனாயா, பப்பாளி சாப்பிட்டாயா, கால் வழுக்கியதா. ஒன்பது கேள்வி. மொபைலில் குறித்துக்கொண்டே கேட்டேன்.

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். கடைசிக் கேள்வி முடிந்ததும் "வீட்டுக்குப் போலாமா?" என்றாள்.

அது சாதாரணக் கேள்வி என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இப்போது என்ன நினைக்கிறேன் என்று தெரியவில்லை. இந்த முறை காரணம் உண்மையிலேயே அவள்தான். நிரூபித்துவிடலாம். இரண்டு நிமிட வேலை.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் அளவுத் தாளில் எழுதினேன்: "இறால் சாவுக்குக் காரணம்: பம்பின் உள்ளே செம்புக் கம்பி தேய்ந்து தண்ணீரில் கலந்திருக்கிறது. வாங்கும்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது. பம்பு மாற்றப்பட்டது. திலீபன்."

நன்றாக ஓடுகிற பம்பைக் கழற்றிப் புதியது மாட்டினேன். அறிக்கையில் பொய் எழுதியது இதுதான் முதல் முறை. சேவியர் அண்ணன் கொடுத்த செம்பு ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். எதற்குத் திடீரென்று என்றாள். கொசு கடிக்கிறது என்றேன்.

டிசம்பர் 3, புதன்

மாலை வந்தபோது வினோ சின்ன ரூமில் இருந்தாள். தாளின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"செம்புன்னா எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"செம்புல மொதல்ல நத்தை சாகும். எட்டாவது புள்ளைங்களுக்கு நான் நடத்தற பாடம். ஆறு நத்தையும் நல்லா இருக்கே."

அவள் ஒரு டீச்சர் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"கொசு கடிக்குதுன்னீங்க. கல்யாணம் ஆனதுலேருந்து உங்கள ஒரு கொசு கடிச்சதா சொன்னதில்ல." திரும்பி என்னைப் பார்த்தாள். "கொசு மிஷின்தானே? மூணாவது செத்த அன்னிக்கே டப்பாவத் திருப்பிப் பாத்தேன். மீன் தொட்டி பக்கத்துல வெக்காதீங்கன்னு பொடி எழுத்துல போட்டிருக்கான். அஞ்சு நாளா காத்துட்டிருக்கேன், கண்டுபிடிச்சிட்டு வந்து வரிசையா கேப்பீங்கன்னு. எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"வியாழக்கிழமை."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"தெரியல."

"தெரியலையா?"

"தெரியல வினோ."

அவள் தரையில் உட்கார்ந்தாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன், பிறகு நானும் உட்கார்ந்தேன். தொட்டியில் சின்ன மீன் பெரியதற்குப் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"ஆகஸ்டு மொத வாரம் காஞ்சிபுரம் போனேன். எங்க ஸ்கூல்ல இந்து டீச்சர் கல்யாணம். உங்ககிட்ட சொன்னா வேணாம்பீங்கன்னு சொல்லல. பஸ்ல எடம் இல்ல. ரெண்டு மணி நேரம் நின்னுட்டே போனேன். ரோடு பூரா தோண்டி வெச்சிருந்தான். அன்னிக்கு நீங்க ஒம்பது கேள்வி கேட்டீங்க. அதுல அது இல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் அடுத்தது அதாதான் இருக்கும்னு உக்காந்திருந்தேன்."

இத்தனை நாளாக இதோடுதான் அந்தத் தரையில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் அவளை எழுந்து வெளியே போகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அதனால இல்ல" என்றேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கே தெரியல. ஆனா அதனால இல்ல."

"தெரியாதுங்கறீங்க, இல்லங்கறீங்க. என்ன ரிப்போர்ட்டுங்க இது?"

"மோசமான ரிப்போர்ட்டுதான்" என்றேன். "நான் கேட்டிருக்கக் கூடாது. ஒண்ணுகூட."

அப்போதுதான் அழுதாள். முகத்தை மூடாமல், சத்தமாக, ஆஸ்பத்திரியில் அழாததையெல்லாம் சேர்த்து. நான் எதையும் நிறுத்தப் பார்க்கவில்லை. தோளில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

காலையில் கிளம்பும்போது வினோ பள்ளிக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். என்ன எழுதுகிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

லிஃப்டுக்குக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, 'எப்போது திரும்புவேன்'ங்கறதுக்கு என்ன போட? ஜனவரின்னு போடட்டா?"

"உனக்கு எப்ப முடியுமோ போடு."

"எனக்குத் தெரியலையே."

"அப்ப அதையே எழுது" என்றேன். லிஃப்ட் வந்தது. ஏறவில்லை, திரும்பி உள்ளே போனேன்.